பங்குக்கு வந்தவர்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தப் பேச்சுக்கு இப்போது மதிப்பில்லை. அடுத்தவர் தலைவலி வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் கேட்டாலே கொடுக்கிறார்கள். கழுத்துக்குப் பின்னால் ஒரு பட்டை, மணிக்கட்டில் ஒரு பட்டை. நோயாளிக்கும் அதே போலக் கட்டிவிட்டால் அவர் வலியில் ஒரு பங்கு நம் உடம்புக்கு வந்துவிடும். வந்த அளவுக்கு அவருக்குக் குறையும். டாக்டர்கள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வார்டில் எல்லோரும் பங்கு என்றுதான் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரருக்குக் குறைந்தது மூன்று பேர் பங்கு வேண்டும் என்றார்கள். அவர் ஒரு பெரிய லாண்டரியில் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர். ஹோட்டல் விரிப்புகளும் ஆஸ்பத்திரிப் போர்வைகளும் மூட்டை மூட்டையாக வந்து வெளுத்துப் போகும் இடம். நீராவிக் குழாய் ஒன்று பிளந்துகொண்டதில் முகம், கழுத்து, நெஞ்சு, இரண்டு கைகள் எல்லாம் வெந்துவிட்டன. ஆவியை உள்ளே இழுத்ததில் நுரையீரலும் வெந்துபோயிருந்தது. வலிக்கு மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுவிடும். கொடுக்காவிட்டால் வலியே ஆளைக் கொன்றுவிடும். கண்ணுக்குக் கட்டு, வாயில் குழாய். காது மட்டும் கேட்டது.

"புதுத் தோல் பிடிக்கிற வரைக்கும் வலியை யாராவது வாங்கிக்கணும்மா. வாங்கிக்க ஆள் இருந்தா பொழைச்சுக்குவார்" என்றார் டாக்டர்.

அத்தை உடனே கழுத்தை நீட்டினார். "எம் புள்ள வலிய நான் வாங்கிக்கறேன். பெத்தப்போ வாங்காத வலியா?" என்றார். அத்தைக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு. டாக்டர் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார். அடுத்து கொழுந்தனுக்குக் கட்டினார்கள். அண்ணனுக்காக உயிரையே கொடுப்பேன் என்று வாசலில் நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். பட்டை வேலை செய்ய ஆரம்பித்ததும் ஒரு அலறு அலறி, பிய்த்து எறிந்துவிட்டு ஓடிப்போனான். உயிரைக் கொடுப்பது சுலபம் போலிருக்கிறது. வலியை வாங்குவதுதான் கஷ்டம்.

சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு தடவ கழட்டினா அவங்கள மறுபடி கட்ட முடியாதும்மா. விட்டுப்போன நரம்பைத் திரும்பச் சேர்த்தா பேஷண்ட் இதயம் தாங்காது. நீங்களாவது யோசிச்சு உட்காருங்க."

நான் யோசிக்கவில்லை. கட்டின பெண்டாட்டி யோசித்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பது ஒரு காரணம். அவர் மேல் எனக்கு ஆசை என்பது இன்னொரு காரணம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஆசை. வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

வலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கொதிக்கிற பாத்திரத்தைத் தெரியாமல் பிடித்துவிட்டால் கையை வெடுக்கென்று எடுத்துவிடுவோம் அல்லவா? அந்த எடுக்கிற நொடி வரவே வராது. அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் நல்லவர். குரலை உயர்த்த மாட்டார். சாப்பாட்டில் உப்பில்லாவிட்டால் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். படுக்கையிலும் அப்படித்தான். எப்போதாவது ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி மரியாதையாக நடந்துகொண்டு, மரியாதையாகவே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். நான் பியூட்டி பார்லரில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க அடுத்த பெண்களின் முகத்தையும் கழுத்தையும் காலையும் தொட்டுக்கொண்டிருப்பவள். தோலில் கை வைத்தாலே அந்தப் பெண்ணை வீட்டில் யாராவது ஆசையாகத் தொடுகிறார்களா என்று எனக்குத் தெரிந்துவிடும். என் தோலில் மட்டும் நான் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. பார்லரில் கற்ற வித்தை எல்லாவற்றையும் அவரிடம் காட்டியிருக்கிறேன். "நல்லா இருக்கே" என்பார். கண்காட்சிக்கு வந்தவர் சொல்வது போல.

குழந்தை இல்லாததற்கு அத்தை என்னைத்தான் டாக்டர் டாக்டராக இழுத்துக்கொண்டு போனார். எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எல்லா டாக்டர்களும் சொன்ன பிறகும் குறை என்னிடமேதான் இருந்தது.

வெல்டர் வந்தது நான் தனியாகத் தாங்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த சமயத்தில். லாண்டரியில் குழாய்களைப் பற்றவைக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒழுகுகிற குழாய், ஆடுகிற நாற்காலி, எது இருந்தாலும் சரிசெய்துவிட்டு, அவரும் என் வீட்டுக்காரருமாக மொட்டைமாடிக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் வந்துபோன நாளில் என் வீட்டுக்காரர் குளிக்கும்போது பாட்டு கேட்கும். எனக்கும் சந்தோஷமாக இருக்கும். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். இப்படித் தனிமரமாக நிற்கிறாரே என்று நானே அவருக்குப் பெண் தேடினேன். வந்த வரன் எல்லாவற்றையும் தட்டிக்கழித்தார். "அண்ணே, உங்களுக்குப் பொண்ணு தேடித் தேடி என் செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்" என்று கேலி செய்வேன். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். என்ன சிரிப்போ.

"தங்கச்சி, எனக்கும் கட்டச் சொல்லு" என்றார் வெல்டர், அறை வாசலில் நின்று.

அந்தக் குரல் கேட்டதும் அது நடந்தது. அத்தனை வலிக்கும் நடுவே என் அடிவயிற்றில் குபுக்கென்று ஒரு சூடு கிளம்பியது. மேலே ஏறி நெஞ்சை நிறைத்தது, கீழே இறங்கித் தொடையைத் தளர்த்தியது. முகம் கொதித்தது. அந்த அளவுக்கு எனக்கு யாரைப் பார்த்தும் வந்ததில்லை, கட்டின கணவரைப் பார்த்தும்கூட. நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது வெல்டரை. சீ என்றாகிவிட்டது. கணவர் தோலில்லாமல் கிடக்கிறார், அண்ணே என்று கூப்பிட்ட ஆளைப் பார்த்து எனக்கு இப்படி ஒரு எண்ணமா? வலியில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெல்டருக்குக் கட்டினார்கள். அவர் அலறவில்லை. கட்டிலின் அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை மெதுவாக இழுத்து விட்டார். என் பங்கு குறைந்ததை உணர்ந்தேன். நன்றியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். இருந்தும் என் வீட்டுக்காரரின் இதயத் துடிப்பு ஒழுங்குக்கு வந்தது, தோலின் ஓரங்கள் பிடிக்க ஆரம்பித்தன. "ரெண்டு பேரை வச்சு இவ்வளவு தேறுவார்னு நாங்களே எதிர்பார்க்கல. இப்படியே போனா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார் டாக்டர். அத்தை வெல்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. வெல்டர் டீ குடிக்க வெளியே போனால் அந்தச் சூடு அடங்கிவிடும். அவர் செருப்புச் சத்தம் திரும்பி வந்தால் மறுபடி கிளம்பும். அவர் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். அப்படியும் போகவில்லை. கடைசியில் சிஸ்டரைத் தனியாகப் பிடித்தேன்.

"சிஸ்டர், இதுல வலி மட்டும்தானே வரும்?"

"வலிக்குன்னு தனி வழியா இருக்கு? வர்ற வழியில எல்லாம்தான் வரும். போன மாசம் ஒரு அம்மா புள்ளைக்குக் கட்டினாங்க, அவனுக்குப் பசிச்சா இவங்களுக்கு வயிறு கத்தும், இவங்களுக்குக் குளிர்ந்தா அவன் நடுங்குவான். பேச்சு வராது, படம் வராது. உடம்பு வரும். கண்டுக்காதீங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தது என்று சொன்னாலும் நம்பவில்லை. அறைக்கு வந்து காதில் பஞ்சை இறுக்கி அடைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். வெல்டர் வெளியே போயிருந்தார். எப்போது திரும்பி வருவார் என்று எனக்குத் தெரியாது. சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அடிவயிற்றில் அது கிளம்பியது. கண்ணைத் திறந்தேன். வெல்டர் அறைக்குள் நின்றுகொண்டிருந்தார்.

அது என் ஆசை இல்லை. என் கணவரின் ஆசை.

வெல்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் இப்போது கவனமாகப் பார்த்தேன், உடம்பால். வெல்டர் பக்கமிருந்தும் ஒன்று வந்துகொண்டிருந்தது. என் வலது உள்ளங்கையில் ஒரு பிடரியின் சூடு இருந்தது. ஒட்ட வெட்டிய முடி, அதற்குக் கீழே புடைத்த ஒரு எலும்பு. அந்தப் பிடரி எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து அந்த முடியை மாதாமாதம் வெட்டிவிடுகிறவள் நான்தான். வெட்டும்போது நான் கை வைத்தால் அந்தக் கழுத்து ஒரு சுருக்கம் சுருங்கும். வெல்டரின் கைக்கு அது சுருங்கியதில்லை. அந்தக் கைக்குள் அது சாய்ந்து கிடந்து பழகியிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! நான் கீழே சமையலறையில் இந்த ஆளுக்கும் சேர்த்துச் சமைத்துக்கொண்டிருந்தேன். என் உடம்பில்தான் ஏதோ குறை என்று களிம்பு களிம்பாகப் பூசிக்கொண்டு, டாக்டர்கள் முன்னால் காலை விரித்துக்கொண்டு, அத்தையின் வாயில் விழுந்துகொண்டு இருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிவிட்டார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் என் ஆயுளில் வந்ததில்லை. நாற்காலியைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது. நான் அசையவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவேண்டிய அவசியமும் இல்லை. கோபமும் உடம்பில்தானே இருக்கிறது?

வெல்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் வந்துவிட்டது என்று எனக்கும் வந்தது. அவர் முகம் வெளுத்தது. நெருப்பைக் கையில் பிடித்துப் பழகிய மனிதர், ஒரு பெண்ணின் கோபத்துக்குப் பயந்து, கழுத்துப் பட்டையைப் பிய்த்துவிட்டார்.

"ஐயோ, அண்ணே, கழட்டாதீங்க!" என்று நான் கத்தியபோது பட்டை தரையில் கிடந்தது.

அவருடைய பங்கு முழுவதும் எங்கள் இரண்டு பேர் மேலும் விழுந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்தேன். மெஷின்கள் கூவின. சிஸ்டர் ஓடிவந்து வெல்டரை வெளியே தள்ளினாள். பட்டை இல்லாத வெளியாள் அந்த அறையில் நிற்கக்கூடாது. அத்தை கண்ணாடிக்கு வெளியே நின்று வாயில் அடித்துக்கொள்வது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். என்னைத் தூக்கி உட்காரவைத்தார்.

"நீங்களும் கழட்டிடுங்கம்மா. ஒரே ஆளால இது முடியாது. இனிமே அவரை நிறுத்தி வைக்க முடியாது, இன்னிக்கே முடிஞ்சிடும். உங்களையும் சேர்த்து இழக்க வேணாம்" என்றார்.

கை கழுத்துக்குப் போனது. பொய் சொல்லமாட்டேன், ஆனந்தமாகப் போனது. கிடக்கட்டும். எனக்குச் செய்ததற்கு முழு வலியையும் அவரே வாங்கிக்கொண்டு போகட்டும். டாக்டரே சொல்லிவிட்டார், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பட்டையின் கொக்கியைப் பிடித்தும் விட்டேன்.

அப்போது வலிக்கு அடியில் வேறொன்று வந்தது. சூடு இல்லை, அது அடங்கிப்போயிருந்தது. என் வீட்டுக்காரரின் உடம்பு முழுக்கக் காதாக மாறி அறை வாசலைக் கேட்டுக்கொண்டிருந்தது. செருப்புச் சத்தம் வருமா, ஒரு இருமல் வருமா, வராதா, இதோ வந்துவிடும், வரவில்லை, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். தொண்டையில் ஒரு கட்டி. விலா எலும்புக்குக் கீழே ஒரு பள்ளம்.

அது எனக்குத் தெரிந்த சங்கதி. அதே தொண்டைக் கட்டி, அதே பள்ளம். படுக்கையில் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பியவரின் முதுகைப் பார்த்தபடி, ஒரு கை திரும்பி வருமா என்று நான் காத்துக்கிடந்த ராத்திரிகளில் என் உடம்பு இருந்தது இப்படித்தான். உலகத்தில் எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். இந்த மனிதரிடமிருந்து எனக்கு வந்த முதல் பங்கே இதுதான் போலிருக்கிறது. பாவி, உனக்குமா என்று நினைத்தேன். கோபம் போய்விடவில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தோடு ஒரு ஆளைச் சாகவிட என்னால் முடியவில்லை.

கொக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்தேன்.

"எங்கம்மா போறீங்க?" என்று சிஸ்டர் தாங்கிப் பிடித்தாள்.

"பட்டை இந்த மாடிக்குள்ள எங்க போனாலும் வேலை செய்யும்தானே?"

"செய்யும். ஆனா உங்களால நடக்க..."

"நடப்பேன். விடுங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டே போனேன். வெல்டர் வராந்தாக் கோடியில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், ஆக்சிஜன் சிலிண்டர்கள் அடுக்கியிருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்கு நடுவே தலை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்பதைவிட விழுந்தேன் என்பதே சரி.

"தங்கச்சி..." என்றார், நிமிராமல்.

"இன்னொரு தடவ தங்கச்சின்னு கூப்பிட்டீங்க, செருப்பு பிஞ்சிடும்."

அவர் தோள் குலுங்கியது.

"எத்தனை வருஷமா?"

"உங்களுக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியிலேர்ந்து" என்றார். "அவன் வேணாம்னுதான் சொன்னான். வீட்ல விடல. நான்தான் பண்ணிக்கோன்னு சொன்னேன். ஊர் வாயை மூடணுமே."

"மூடறதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"என்னை அடிச்சிடுங்க. எது வேணா பண்ணுங்க. அவன்கிட்ட மட்டும் கோபப்படாதீங்க. தாங்கமாட்டான்."

தாங்கமாட்டானாம். நான் தாங்குவேன் என்று யார் சொன்னது? கேட்டிருப்பேன். அதற்குள் உள்ளே இருந்த துடிப்பு ஒரு தடவை தவறியது. என் நெஞ்சிலும் தவறியது. நேரமில்லை என்று தெரிந்தது.

"கையைக் குடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"பட்டை என் கழுத்துல இருக்கு. அவர் கையில தோல் இல்ல, யாரும் தொட முடியாது. என் கையில இருக்கு. நீங்க புடிச்சா அங்க தெரியும். சீக்கிரம் குடுங்கய்யா."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு கையைக் கொடுத்தார். மரக்கட்டை போன்ற கை, புறங்கையெல்லாம் தீப்பொறி விழுந்த பொட்டுகள். முதலில் பயந்து பயந்து பிடித்தார், அடுத்தவன் மனைவியைப் பிடிப்பது போல. உள்ளே ஒன்றும் நடக்கவில்லை.

"என்னைப் புடிக்காதீங்க. அவரைப் புடிங்க" என்றேன்.

வெல்டர் கண்ணை மூடிக்கொண்டார். விரல்களை என் விரல்களுக்கு இடையே கோத்தார். கட்டைவிரலால் என் மணிக்கட்டின் உட்புறத்தை மெல்லத் தடவினார். அது அவர்களுக்குள் இருந்த பழக்கம் போல. உள்ளே காத்துக்கிடந்தது எல்லாம் ஒரேயடியாகத் திறந்துகொண்டது. அந்த ஆனந்தத்தை நான் என்னவென்று சொல்ல? வலி அப்படியே இருந்தது, அதன் மேலேயே அதுவும் இருந்தது. என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அழுதது நானா என் வீட்டுக்காரரா என்று இப்போதும் தெரியாது. இத்தனை வருஷமாக நான் கொடுக்க ஏங்கியது இதைத்தான். கடைசியில் என் கையாலேயே கொடுக்கிறேன், ஆனால் கை மட்டும்தான் என்னுடையது.

"அண்ணி!"

கொழுந்தன் படியேறி வந்து நின்றான். அண்ணனின் நிலைமையை யாரோ போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். என் விரல்கள் வெல்டரின் விரல்களோடு பின்னிக்கிடப்பதைப் பார்த்தான். என் முகத்தையும் பார்த்தான். அந்த முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"எங்கண்ணன் அங்க சாகக் கிடக்கறான், நீ இங்க எவன் கையைப் புடிச்சிட்டு... சீ! பொம்பளையா நீ?"

வெல்டர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. விளக்கம் சொல்ல என் நாக்கின் நுனியில் வார்த்தை இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும், அந்தக் காறித்துப்பல் முழுவதும் கட்டிலில் கிடக்கிறவர் மேல் போய் விழும். நான் வாயைத் திறக்கவில்லை. "அம்மா! இங்க வந்து பாரும்மா, உன் மருமக லட்சணத்தை!" என்று கத்திக்கொண்டே அவன் வார்டுப் பக்கம் ஓடினான். இனி வீட்டிலும் தெருவிலும் எனக்கு என்ன பெயர் என்பது முடிவாகிவிட்டது.

அப்போது எனக்கென்று தனியாக ஒன்று வந்தது. என் வீட்டுக்காரர் நான் இருப்பதைத் தெரிந்துகொண்டார். என் பக்கம் திரும்பினார் என்றுதான் சொல்லவேண்டும், அசைய முடியாத உடம்பு எப்படித் திரும்புமோ அப்படி. என்ன வந்தது என்று தேடிப் பார்த்தேன். காதலா, கொஞ்சமாவது? இல்லை. நன்றி வந்தது. ஒரு அறை விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

வலி இல்லை. நெருப்பு இல்லை. ஆனந்தமும் இல்லை. என் உடம்பு மட்டும் என்னிடம் இருந்தது, காலியான வீடு மாதிரி. உள்ளே மெஷின் ஒரே சத்தமாக நீளக் கத்தியதைக் கதவு மூடியிருந்ததால் வராந்தாவில் கேட்க முடியவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெல்டருக்குத் தெரியவில்லை. அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. என் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, உதடு அசைய, என்னென்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு அழுத்து அழுத்தினார். கணக்குத் தீர்க்காமல் வைத்திருந்த பேச்செல்லாம் வந்துகொண்டிருந்தது. வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து அத்தையின் குரலும் கொழுந்தனின் குரலும் நெருங்கி வந்தன.

"அவனுக்குத் தெரியுதா?" என்று கேட்டார் வெல்டர்.

"தெரியுது" என்றேன். "பேசுங்க."